கெர்சொப்பாவின் 23 பேரைத் தேடி: லண்டன் முதல் லிசார்ட் முனை வரை

செவ்வாய், கியூ

பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு கியூ கார்டன்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். பையையும் மேல்கோட்டையும் கீழ்த்தளத்துப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, பென்சிலையும் குறிப்பேட்டையும் மட்டும் ஒளிபுகும் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏற வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை. கேட்ட கோப்பு வந்ததும் அதை வைக்க நுரைத் திண்டு தருகிறார்கள். பழைய தாள்களை இத்தனை மரியாதையோடு நடத்தும் இடத்தில் உட்கார்ந்தாலே வேலை செய்யும் வேகம் வந்துவிடுகிறது.

நான் தேடி வந்திருப்பது 1941-இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த எஸ்.எஸ். கெர்சொப்பா என்ற சரக்குக் கப்பலையும், அதன் உயிர்காப்புப் படகு ஒன்றில் ஏறிய 23 இந்திய மாலுமிகளையும். கப்பல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தமானது, மொத்தக் கொள்ளளவுக் கணக்கில் (எடையில் அல்ல) 5,237 டன். அந்த நிறுவனம் தன் கப்பல்களுக்கு இந்தியப் பக்கத்து ஊர்ப் பெயர்களைத் தேடித் தேடி வைக்கும். சராவதி ஆற்றின் அருவியை நாம் இன்று ஜோக் என்கிறோம். அன்றைய வரைபடங்களில் அது கெர்சொப்பா. கப்பல் கட்டப்பட்டது 1919-இல், இங்கிலாந்தின் வடகிழக்கில் ஜாரோ நகரின் பால்மர்ஸ் தளத்தில். அந்தத் தளம் 1930-களின் தொடக்கத்தில் மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. 1936-இல் ஜாரோவிலிருந்து லண்டன் வரை ஆட்கள் நடந்தே போய் வேலை கேட்ட வரலாறு பலருக்குத் தெரிந்திருக்கும். கப்பலோ கடலில் ஓடிக்கொண்டிருந்தது.

1940 டிசம்பரில் அது கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. வார்ப்பிரும்பு, 1,765 டன் தேயிலை, பொதுச் சரக்கு, தபால் மூட்டைகள், வெள்ளிக் கட்டிகள் எனக் கிட்டத்தட்ட 7,000 டன் சுமை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்கு வந்து, 1941 ஜனவரி 30 அன்று எஸ்.எல். 64 என்ற கான்வாயில், அதாவது காவலோடு சேர்ந்து செல்லும் கப்பல் கூட்டத்தில், சேர்ந்து பிரிட்டனை நோக்கிப் புறப்பட்டது.

போர்க்காலத்தில் ஒரு வணிகக் கப்பல் எங்கே இருந்தது என்று தேடுபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது பி.டி. 389 என்ற வரிசை. கப்பல் நடமாட்ட அட்டைகள் இவை. எந்தத் துறைமுகத்துக்கு எப்போது வந்தது, எப்போது கிளம்பியது, எங்கே போகிறது என்பதெல்லாம் சுருக்கெழுத்துப் போன்ற கையெழுத்தில் வரிவரியாக இருக்கும். ஓடிக்கொண்டிருந்த வரிகள் ஓரிடத்தில் நின்றுவிடும். அதன் பிறகு அட்டை வெறுமையாக இருக்கும். எழுதிய குமாஸ்தா அடுத்த அட்டையை எடுத்திருப்பார், அவ்வளவுதான்.

புதன், கியூ

இன்று முழுவதும் ஏ.டி.எம். 199 வரிசையோடு போயிற்று. மூழ்கிய வணிகக் கப்பல்களிலிருந்து தப்பி வந்தவர்களை பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் ஒரு பிரிவு உட்காரவைத்துப் பேசச்சொல்லி, தட்டச்சு செய்துவைத்த அறிக்கைகள். பருமனான தொகுதிகள்.

நாலைந்து அறிக்கைகளைப் படித்ததுமே கேள்விகள் எவை என்பது புரிந்துவிடுகிறது. எங்கிருந்து எங்கே போனீர்கள்? என்ன சரக்கு? என்ன துப்பாக்கி பொருத்தியிருந்தீர்கள்? வானிலை எப்படி? இரகசியப் புத்தகங்களைக் கடலில் வீசினீர்களா? டார்பிடோ எந்தப் பக்கம் தாக்கியது, தீப்பிழம்பு தெரிந்ததா, எவ்வளவு உயரம் தண்ணீர் எழும்பியது? படகுகள் எத்தனை இறங்கின? எதிரியின் நீர்மூழ்கியைப் பற்றிக் கற்றுக்கொள்ளவேண்டியவர்கள் கேட்டவை இவை. அடுத்த கப்பலைக் காப்பாற்றக் கேட்டவையும் இவைதான். அதில் குறைகாண ஒன்றும் இல்லை. ஆனால் படகில் யார் யார் இருந்தார்கள் என்பது அந்தக் கேள்விகளில் இல்லாததால், பதில்களிலும் அபூர்வமாகவே வருகிறது. அதிகாரிகளின் பெயர்கள் வருகின்றன. இந்தியர்கள் பெரும்பாலும் ஒரு தொகை.

கெர்சொப்பாவின் கதையை இங்கே கோத்துச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீடவுனை விட்டு வடக்கே வரவர கடல் மோசமாகியது. எதிர்க்கடலில் பழைய நீராவிக் கப்பலை முன்னே தள்ள மலைமலையாகக் கரி வேண்டும். கரி கையிருப்பு குறைந்தது. கான்வாயோடு போனால் துறைமுகம் வரை தாங்காது என்ற நிலை. பிப்ரவரி 14 அன்று கேப்டன் ஜெரால்ட் ஹைலண்ட் கான்வாயிலிருந்து பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் தனியாகத் திரும்பினார். 16-ஆம் தேதி ஜெர்மனியின் நெடுந்தூர விமானமான ஃபோக்கே-வுல்ஃப் 200 ஒன்று தலைக்கு மேல் வட்டமிட்டுவிட்டுப் போனது. அன்று இரவு எர்ன்ஸ்ட் மெங்கர்சன் தலைமையிலான ஜெர்மன் நீர்மூழ்கி யு-101 கெர்சொப்பாவைக் கண்டுபிடித்தது. ஒரே டார்பிடோ, வலப்பக்கம், இரண்டாம் சரக்கறை. கப்பல் தீப்பிடித்தது, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் மூழ்கிவிட்டது. கால்வே விரிகுடாவுக்குத் தென்மேற்கே சுமார் 300 மைல்.

தேதியைச் சில நூல்கள் 16 என்றும் சில 17 என்றும் தருகின்றன. இரண்டும் சரிதான். ஜெர்மன் நீர்மூழ்கிகள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஜெர்மனியின் கடிகாரப்படியே குறிப்பெழுதின. அவர்கள் கணக்கில் நள்ளிரவு தாண்டிவிட்டது. கப்பல் கடிகாரத்தில் தாண்டவில்லை. இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிடுபவர்கள் முதல் வேலையாக நேரத்தைத்தான் பொருத்திப் பார்க்கவேண்டும்.

என்னை நிறுத்தி வைத்த விவரம் வேறு. வெடிப்பில் முன்பாய்மரம் சாய்ந்தது. வயர்லெஸ் கம்பி பாய்மரங்களுக்கு நடுவேதான் கட்டப்பட்டிருக்கும். அதுவும் கூடவே அறுந்து விழுந்தது. நீர்மூழ்கி தாக்கினால் 'எஸ்' என்ற எழுத்தைத் தொடர்ந்து நான்கு முறை அனுப்பி, கப்பல் இருக்கும் இடத்தைச் சொல்லவேண்டும் என்பது அன்றைய விதி. அதை அனுப்ப வழியே இல்லாமல் போயிற்று. கான்வாயில் இருந்திருந்தால் பக்கத்துக் கப்பலாவது பார்த்திருக்கும். தனியாக வந்த கப்பல், செய்தியும் அனுப்பவில்லை. அது போய்விட்டது என்பதே கரையில் யாருக்கும் தெரியாது. தேட ஒருவரும் கிளம்பவில்லை. படகில் ஏறியவர்களின் தலைவிதி அந்தக் கம்பி அறுந்தபோதே பெருமளவு தீர்மானமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

மூன்று படகுகள் இறங்கின. இரண்டைப் பிறகு யாரும் பார்க்கவே இல்லை. மூன்றாவது படகின் பொறுப்பு இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் ஏயர்ஸிடம் வந்தது. அதில் 31 பேர்: ஐரோப்பியர் எட்டுப் பேர், இந்தியர் இருபத்துமூன்று பேர்.

அந்த இருபத்துமூன்று பேருக்காகத்தான் இந்தப் பயணம்.

வியாழன், டவர் ஹில்

காலையில் டவர் ஹில் நினைவிடம். லண்டன் கோபுரக் கோட்டைக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் வந்துவிடும். முதல் உலகப்போரின் வணிக மாலுமிகளுக்கு லட்யன்ஸ் வடிவமைத்த மண்டபம் முன்னால் இருக்கிறது. அதன் பின்புறம், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் தோட்டம் இரண்டாம் உலகப்போருக்கானது. எட்வர்ட் மாஃப் வடிவமைத்து 1955-இல் திறக்கப்பட்டது. சுவர் முழுக்க வெண்கலத் தகடுகள். ஏறத்தாழ 24,000 பெயர்கள், கப்பல் வாரியாக, அகர வரிசையில். கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள்.

கப்பல் வாரியாகப் பொறித்தது நல்ல முடிவு. ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாக நிற்கிறார்கள். கெர்சொப்பாவின் கீழே கேப்டன் இருக்கிறார், பிரிட்டிஷ் அதிகாரிகள் இருக்கிறார்கள். மாலுமிகளில் மிகப் பெரும்பான்மையாக இருந்த லஸ்கர்கள், அதாவது பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகள், இல்லை. இந்திய வணிக மாலுமிகளுக்குரிய நினைவிடம் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் இருக்கிறது. ஒரே பெயர்ப் பட்டியல் இரண்டு ஊர்களிலும் புத்தகமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியக் கடற்படையினரும் வணிக மாலுமிகளும் அதில் இருக்கிறார்கள். சொந்த மண்ணுக்கு அருகில் வைத்தோம் என்பது இதற்குச் சொல்லப்படக்கூடிய நியாயம். எனக்கு அது போதவில்லை. ஒரே டார்பிடோவால் இறந்தவர்களின் பெயர்கள் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. டவர் ஹில்லுக்கு மட்டும் வந்து போகும் ஒருவர், கெர்சொப்பாவில் இந்தியர்களே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் திரும்புவார்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் லஸ்கர். மேல்தளத்தில் ஆட்களின் தலைவரான செராங், அவருக்குக் கீழே துணைத் தலைவரான திண்டல், சுக்கான் பிடிக்கும் சுக்கானி, கீழே கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடுபவர்கள். கல்கத்தாவில் ஆளெடுத்த கப்பல்களில் எஞ்சின் பகுதிக்கு சில்ஹெட் பக்கத்தவர்களும் மேல்தளத்துக்கு நோவகாளி, சிட்டகாங் பக்கத்தவர்களும் பெரும்பாலும் வருவார்கள். பிரிட்டிஷ் மாலுமிக்குக் கொடுத்ததில் ஒரு பங்குதான் இவர்களுக்குச் சம்பளம். தனி ஒப்பந்தம், தனி உணவு அளவு, குறைந்த இடம். 1939-இல் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே பிரிட்டிஷ் துறைமுகங்களில் லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். அதன் பலனாகச் சம்பளம் ஓரளவு உயர்ந்தது. அவர்களைப் பற்றி எழுதும்போது பரிதாபத்தோடு நிறுத்திவிடுவது நியாயமில்லை. தங்கள் உழைப்பின் விலையை நன்றாக அறிந்து, கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்.

இந்தியப் பட்டியலை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவில் கப்பல் பெயர் வழியாகவே தேடலாம். நேற்று இரவு கெர்சொப்பாவுக்குரிய பதிவுகளைக் கையால் எழுதிக்கொண்டேன். அந்தத் தரவில் பெயர், வேலை, கப்பல் இவற்றோடு சிலருக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். ஆகவே பெயர்கள் அழிந்துவிடவில்லை. அவர்களில் யார் அந்தப் படகில் ஏறினார்கள் என்பதுதான் எந்தத் தாளிலும் இல்லை.

வெள்ளி, பாடிங்டன் முதல் லிசார்ட் வரை

பாடிங்டனில் ரயிலேறினால் கார்ன்வாலுக்குப் பகலின் பெரும்பகுதி போய்விடும். டாலிஷ் அருகே தண்டவாளம் கடற்சுவரை ஒட்டியே ஓடுகிறது. அலை உயர்ந்தால் ஜன்னல் நனையும். பிளிமத் தாண்டி டேமர் நதியின் மேல் 1859-இல் புரூனல் கட்டிய இரும்புப் பாலம். ரெட்ரூத்தில் இறங்கி, ஹெல்ஸ்டன் வழியாக பஸ் பிடித்து லிசார்ட் கிராமத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ரயிலில் கெர்சொப்பாவின் வெள்ளிக் கட்டிகளைப் பற்றிய பழைய செய்திகளைப் படித்துக்கொண்டு வந்தேன். ஒடிஸி மரைன் என்ற அமெரிக்க நிறுவனம் பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம் போட்டு 2011-இல் கப்பலைக் கண்டுபிடித்தது. ஆழம் சுமார் 4,700 மீட்டர். டைட்டானிக் கிடப்பதைவிடவும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே. 2012-இல் சுமார் 48 டன் வெள்ளியும் அடுத்த ஆண்டு சுமார் 61 டன்னும் தூக்கப்பட்டன. சரக்குக்குப் போர்க்காலக் காப்பீட்டுத் தொகையை அரசு கொடுத்திருந்ததால் வெள்ளி அரசுடையது; செலவு போக 80 விழுக்காடு நிறுவனத்துக்கு என்பது ஒப்பந்தம். அந்த வெள்ளியில் ராயல் மின்ட் நாணயங்கள் அடித்து, விளிம்பில் கப்பலின் பெயரைப் பொறித்தது.

வெள்ளியைவிட என்னை அசைத்தது கடிதங்கள். சரக்கறையில் இறுக அடுக்கியிருந்த தபால் மூட்டைகளில், வெளிச்சமும் உயிர்வளியும் புகாத அடியில், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் படிக்கும் நிலையில் 700-க்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்தன. இந்தியாவிலிருந்த சிப்பாய்களும் தோட்ட உரிமையாளர்களும் பாதிரிமார்களும் 1940 இறுதியில் ஊருக்கு எழுதியவை. 2018-இல் லண்டன் தபால் அருங்காட்சியகம் அவற்றில் சிலவற்றைக் காட்சிக்கு வைத்தது. ஒரு சிப்பாய் தன் காதலிக்குத் திருமணத்தைப் பற்றி மகிழ்ந்து எழுதிய கடிதம், அந்தப் பெண்மணிக்கு 99 வயதானபோது அவரிடம் போய்ச் சேர்ந்தது. இதைச் செய்தவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஒரு தாளை உப்புநீரிலிருந்து எடுத்து உலர்த்தி, உரியவரைத் தேடிக் கண்டுபிடிப்பது சாதாரண வேலையா? அந்த உழைப்பில் ஒரு பங்கு போதும், கொதிகலன் அறைக்காரர்களின் பேரப்பிள்ளைகளையும் தேடிவிடலாம்.

சனி, கேர்திலியன்

லிசார்ட் பிரிட்டன் பெருநிலத்தின் தென்கோடி முனை. 1752 முதல் நிற்கும் கலங்கரை விளக்கம் அட்லாண்டிக்கிலிருந்து வரும் கப்பல்களுக்கு முதல் அடையாளம். 1941 மார்ச் 1 அன்று, பதின்மூன்றாம் நாள், ஏயர்ஸ் கண்ணுக்குப் பட்ட கரை இதுதான்.

கிராமத்திலிருந்து மேற்கே நடந்தால் கரையோரப் பாதை வருகிறது. வலப்பக்கம் திரும்பினால் கைனன்ஸ் வளைகுடா, சுற்றுலாக்காரர்கள் கூட்டம். அதற்கு முன்பே ஒரு சிறு ஓடை கடலில் விழும் இடுக்கு இருக்கிறது: கேர்திலியன். பெயர்ப்பலகையை நம்பி வந்தால் தவறவிட்டுவிடக்கூடிய இடம். புல் சரிவில் கவனமாக இறங்கவேண்டும். கீழே கருமையான பாறைகள், தகடு தகடாக, கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. நான் நின்றபோது காற்று பெரிதாக இல்லை. அப்படியும் வெளியே அலை உயர்ந்து, இடுக்குக்குள் நுழைந்ததும் பாறையில் மோதி, அடுத்த அலையோடு முட்டித் திரும்பி, எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லமுடியாதபடி கொதித்துக்கொண்டிருந்தது. பழக்கப்பட்ட கையில் துடுப்பு இருந்தாலும் படகை நேராக வைப்பது கடினம் என்பது பார்த்தாலே தெரிகிறது.

அந்தப் படகு எப்படி இங்கே வந்து சேர்ந்தது? வட அட்லாண்டிக், பிப்ரவரி. கொதிகலன் முன்னே வேலை செய்பவர்கள் மெல்லிய பருத்தித் துணியோடு இருப்பார்கள். அந்த வெப்பத்தில் வேறொன்றும் உடுத்தமுடியாது. டார்பிடோ அடித்து இருபது நிமிடத்தில் மேலே ஏறி, அதே துணியோடு திறந்த படகில் உட்கார்ந்தால் உடம்பு எத்தனை நேரம் தாங்கும்? நனைந்த துணி, நிற்காத காற்று. தூக்கத்தைப் போல வந்து சேரும் மரணம் அது. ஏயர்ஸ் கிழக்கே பாய் விரித்து ஓட்டினார். பிஸ்கட்டும் குறைந்துகொண்டே வந்த தண்ணீரும். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். கரை தெரிந்தபோது மிகச் சிலரே மிச்சம். இந்த இடுக்குக்குள் நுழையும்போது படகு கவிழ்ந்தது. கரையிலிருந்து ஓடிவந்த கடலோரக் காவல்காரர் இழுத்துப் போட்டதில் ஏயர்ஸ் ஒருவர் மட்டும் பிழைத்தார். கப்பல் முழுவதற்கும் அவர் ஒருவரே. அரசு அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தது, மீண்டும் கடலுக்குப் போனார், 1992-இல் இறந்தார்.

அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சாகும் மனிதர்களுக்கு நடுவே பதின்மூன்று நாள் திசை தவறாமல் படகைக் கொண்டுவந்தவர். ஆனால் பாறையில் உட்கார்ந்திருந்தபோது மனம் வேறொன்றைக் கணக்குப் போட்டது. ஒரு உயிர்காப்புப் படகை ஒருவர் ஓட்டமுடியாது. துடுப்பு போட, உள்ளே வரும் தண்ணீரை அள்ளி ஊற்ற, பாயைக் கட்ட, இறக்க ஆள் வேண்டும். முதல் நாட்களில், கடல் கடுமையாக இருந்தபோது, படகு கவிழாமல் இருந்ததே முப்பத்தொரு பேரின் உழைப்பால்தான் இருக்கமுடியும். அதில் இருபத்துமூன்று பேர் சிட்டகாங், சில்ஹெட் போன்ற பகுதிகளின் ஆற்றுப் படகுகளில் பழகியவர்களாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இது என் ஊகம், ஆவணம் இல்லை. என்றாலும் இந்த ஊகத்தை எழுதாமல் விட எனக்கு விருப்பமில்லை.

ஞாயிறு, லேண்ட்வெட்னாக்

கிராமத்தின் கிழக்குப் பக்கம், மரங்கள் அடர்ந்த சரிவில் புனித வின்வல்லோ தேவாலயம். இந்தப் பகுதிக்கே உரிய கரும்பச்சைச் செர்பன்டைன் கல்லையும் வெளிர்ந்த கிரானைட்டையும் கலந்து கட்டியிருப்பதால் கோபுரம் கட்டம் போட்டதுபோல் தெரிகிறது. படகில் வந்து இந்தக் கரையில் இறந்தவர்களில் சிலர் இதன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். கப்பலின் வயர்லெஸ் அதிகாரிகளில் ஒருவரான ராபர்ட் ஹாம்ப்ஷயரும் அவர்களில் ஒருவர். வயது 18. கம்பி அறுந்து விழுந்ததால் செய்தி அனுப்ப வழியற்றுப்போன அதே வயர்லெஸ் பிரிவைச் சேர்ந்த பையன், பதின்மூன்று நாள் தாங்கி, கரை வரை வந்து, அலையில் போனான்.

பூசை முடிந்து வெளியே வந்த முதியவர் ஒருவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். கப்பலின் பெயரைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளியைப் பற்றித்தான் முதலில் பேசினார். என் குறிப்பேட்டில் இருந்த இந்தியப் பெயர்களைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக, உச்சரிக்க முயன்றபடி கடைசி வரி வரை படித்தார். இந்தப் பட்டியலின் நகல் ஒன்று தேவாலயத்தில் வைக்கக் கிடைக்குமா என்று கேட்டார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இனிச் செய்யவேண்டியது தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு கப்பலிலும் அபாய நேரத்தில் யார் எந்தப் படகுக்குப் போகவேண்டும் என்ற பட்டியல் ஒட்டியிருக்கும். கெர்சொப்பாவின் பட்டியல் கடலுக்கடியில். ஆனால் கல்கத்தாவில் ஆளெடுத்தபோது எழுதிய ஒப்பந்தத்தில் யார் மேல்தளம், யார் எஞ்சின், யார் சமையல், எந்தச் செராங்கின் கீழ் எந்த ஆட்கள் என்பது இருந்திருக்கும். ஒரு செராங்கின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்துக்காரர்கள். லஸ்கர் ஒப்பந்தங்கள் இந்தியத் துறைமுக அலுவலகங்களிலேயே தங்கிவிடுவது வழக்கம் என்பதால் தேடவேண்டிய இடம் கொல்கத்தா. ஊர்ப் பெயர்களைச் சரிபார்க்க வேண்டிய இடம் சில்ஹெட், நோவகாளி, சிட்டகாங். படகில் இருந்த 23 பேரை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாமல் போகலாம். அப்படியானால் கெர்சொப்பாவோடு போன இந்தியர் அனைவரையும் ஊரோடும் வேலையோடும் ஒரே பட்டியலில் கொண்டுவந்து, டவர் ஹில்லில் உள்ள பெயர்களோடு சேர்த்து அச்சிடப்போகிறேன். கொல்கத்தாவுக்கு எழுதவேண்டிய கடிதத்தை லிசார்ட் பஸ் நிறுத்தத்தில் தொடங்கிவிட்டேன். ரெட்ரூத் போய்ச் சேருவதற்குள் முடித்துவிடுவேன்.